நமக்கு நினைவில்லாத வயது

செய்யூர் முருகன்மேல் ஒரு பிள்ளைத்தமிழ் உண்டு. பாடியவர் 17-ஆம் நூற்றாண்டுப் புலவர் அந்தகக்கவி வீரராகவ முதலியார். பிறக்கும்போதே பார்வை இல்லாதவர். எந்தக் குழந்தையின் முகத்தையும் கண்டறியாத அவர், ஒரு குழந்தை தலை நிமிர்த்துவதையும் கை கொட்டுவதையும் தளர்நடை போடுவதையும் பருவம் பருவமாகப் பாடிவைத்திருக்கிறார். செய்யூர் கந்தசாமி கோயிலுக்குப் போகிறவர்கள், நட்சத்திரத்துக்கு ஒன்றாக இருக்கும் 27 வேதாளங்களில் தங்களுடையது எது என்று தேடுவார்கள். பிள்ளைத்தமிழைத் தேடுகிறவர்கள் குறைவு.

வீரராகவர் செங்கல்பட்டுச் சீமைக்காரர். பொன்விளைந்த களத்தூரில் வாழ்ந்தவர். திருக்கழுக்குன்றத்துக்குப் புராணம், திருவாரூருக்கு உலா, செய்யூருக்கே இன்னொரு நூலாகக் கலம்பகம் என்று நிறையப் பாடியிருக்கிறார். அவரைப் பற்றிய கதைகள் அதைவிட நிறைய. கட்டுச்சோற்று மூட்டையை நாய் கவ்விக்கொண்டு போனபோது அதற்கும் ஒரு பாட்டுக் கட்டினாராம். ஈழத்துப் பரராசசேகரனின் அவையில் பரிசுகளை அள்ளிக்கொண்டு வந்தாராம். இதில் எது நடந்தது, எது பின்னால் வந்தவர்கள் கட்டிவிட்டது என்று பிரிப்பது சிரமம்; பிரித்து ஆகப்போவதும் ஒன்றுமில்லை. ஆனால் அந்தக் கதைகளில் ஒன்று மட்டும் என்னை விடவில்லை. சிறு வயதில் அவர் எழுத்துக் கற்றது முதுகில். முதுகின்மேல் எழுதிக் காட்டச் சொல்லி, அந்தத் தொடுகையில் அகர வரிசையைப் பிடித்துக்கொண்டார் என்பார்கள்.

இதைக் கொஞ்சம் நிறுத்தி யோசித்துப் பார்க்கலாம். ஓலையும் எழுத்தாணியும் இருந்த காலம். சுற்றுப்புறத்துப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகியிருப்பார்கள். ஒருவர் இந்தப் பையனைத் திண்ணையில் உட்காரவைத்து, வெற்று முதுகில் ஒவ்வொரு சுழியாக, ஒவ்வொரு கொம்பாக இழுத்திருக்க வேண்டும். பையன் கூச்சத்தில் நெளிந்திருப்பான். அழித்து அழித்து எழுதும் வேலைகூட இதில் கிடையாது. எழுதியது அப்போதே போய்விடும், மறுபடி முதலிலிருந்துதான். 247 எழுத்துக்கு எத்தனை பொழுது ஆகியிருக்கும்? பின்னாளில் அவர், ஏடுகளை மனத்திலேயே எழுதிப் படித்தவன் என்று தன்னைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டதாக ஒரு பாட்டு வழங்குகிறது. பெருமை அவருடையது. பொழுது வேறு யாருடையதோ.

பிள்ளைத்தமிழுக்குப் பத்துப் பருவம். காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வருகை, அம்புலி. ஆண்பிள்ளைக்கு அதன்மேல் சிற்றில், சிறுபறை, சிறுதேர். பெண்பிள்ளைக்குக் கடைசி மூன்றும் மாறி கழங்கு, அம்மானை, ஊசல் என்று வரும். இவற்றுக்கு இலக்கணம் சொல்லும் பாட்டியல் நூல்கள் மாதக் கணக்கில் ஒன்றுக்கொன்று ஒத்துப்போவதில்லை. பரவலாகச் சொல்லப்படும் கணக்கு ஒற்றைப்படை மாதங்களில் போகும்: 3-ஆம் மாதம் காப்பு, 5-இல் செங்கீரை, 7-இல் தால், 9-இல் சப்பாணி, 11-இல் முத்தம், 13-இல் வருகை, 15-இல் அம்புலி என்று நீண்டு 21-ஆம் மாதத்தில் முடிந்துவிடும்.

இந்தப் பட்டியலை ஐம்புலன்களை வைத்துப் பாருங்கள். தாலாட்டு காதுக்கு. கை கொட்டுவதும் பறை முழக்குவதும் காதுக்கும் கைக்கும். முத்தம் கன்னத்துக்கு. வா என்று அழைத்தால் பிள்ளை தத்தித் தத்தி வந்து மடியில் விழுவது உடம்புக்கு. சிற்றில் என்றால் மணல் வீடு. சிறுமியர் கட்டியதைப் பையன் காலால் எத்திக் கலைக்க வருகிறான், கலைக்காதே என்று அவர்கள் கெஞ்சுகிறார்கள். காலுக்கு மணல் தெரியக் கண் வேண்டியதில்லை. பார்வையில்லாதவருக்குப் பத்தில் பெரும்பாலானவை எட்டுகிற தூரத்தில்தான் இருந்தன. எட்டாதது அம்புலி. நிலாவைத் தொடவும் முடியாது, அதற்குச் சத்தமும் கிடையாது.

பார்வை உள்ள புலவர்களே பயந்த பருவம் அது. அம்புலி புலி என்று அவர்களுக்குள் ஒரு பேச்சே உண்டு. காரணம், அதில் நிலாவின் அழகை வருணித்துத் தப்பித்துவிட முடியாது. நிலாவோடு வழக்காட வேண்டும். சாமம், தானம், பேதம், தண்டம் நான்கும் வர வேண்டும். நீயும் எங்கள் பிள்ளையும் இன்னின்ன வகையில் ஒன்று, ஆகையால் விளையாட வா. நீ தேய்கிறாய், உனக்குக் களங்கம் உண்டு, எங்கள் பிள்ளைக்கு ஒன்றும் இல்லை, ஆகையால் அழைத்ததே உனக்குப் பெருமை. வந்தால் இன்னது கிடைக்கும். வராவிட்டால் நடப்பதே வேறு. இவ்வளவும் கேள்வி ஞானத்தால் ஆகிற காரியம். கண்ணே வேண்டாத பருவம் அம்புலிதான் என்றுகூட எனக்குத் தோன்றுகிறது. ஆற அமர உட்கார்ந்து கதையும் புராணமும் சொன்னவர்கள் சின்ன வயதில் வாய்த்திருந்தால் போதும்.

இன்னொரு சங்கதியும் இந்த வகை நூலில் உண்டு. முதலிலிருந்து கடைசிவரை பிள்ளை வாயே திறக்காது. பேசுவதெல்லாம் பெரியவர்களும் சுற்றியிருக்கிற சிறுமியரும். காக்கச் சொல்லித் தெய்வங்களை வேண்டுகிறவர்கள் அவர்கள். அப்படி வேண்டும்போது அந்தத் தெய்வங்கள் செய்த கொலைகளைச் சொல்லக்கூடாது என்று இலக்கணமே தடுத்திருக்கிறது, பிள்ளை பயந்துவிடுமே. தொட்டில் ஆட்டுவது, முத்தம் கேட்பது, நிலாவோடு மல்லுக்கு நிற்பது எல்லாம் அவர்கள் வேலை. குழந்தைப் பருவத்தைக் குழந்தையின் நினைவாக எழுதுகிற வழக்கம் பின்னால் வந்தது. தன்வரலாற்றின் முதல் அத்தியாயத்தில் எல்லாரும் அதைத்தான் எழுதுகிறார்கள்: மாமரம், ஓடை, பள்ளிக்கூட மணி. பெரும்பாலோருக்கு முதல் நினைவே மூன்று, மூன்றரை வயதுக்கு மேல்தான் தொடங்குகிறது. அதற்கு முன்பு நடந்தது எல்லாம் அடுத்தவர் வாய்மொழி. நான் பத்தாம் மாதமே நடந்தேன் என்பார் என் அம்மா. ஒன்றே கால் வயதுவரை இடுப்பைவிட்டு இறங்கவில்லை என்பார் அத்தை. சம்பந்தப்பட்ட எனக்குச் சாட்சி சொல்ல வழியில்லை.

நமக்குச் சுத்தமாக நினைவில்லாத அந்த வயதைத்தான் பிள்ளைத்தமிழ் எடுத்துக்கொண்டது. நம்மை வார்த்தெடுத்ததில் பெரிய பங்கு அந்த மாதங்களுக்குத்தான் என்பது என் கட்சி. ஊட்டச்சத்து நிபுணர்கள் இப்போது முதல் 1000 நாள் என்கிறார்கள்: வயிற்றில் இருக்கும் 270 நாளும் பிறந்தபின் இரண்டு ஆண்டும். அவர்கள் அதிகமும் பார்ப்பது எடையும் உயரமும். பாட்டியல் எழுதியவர்கள் பார்த்தது வேறு: எந்த மாதத்தில் பிள்ளையோடு எப்படிப் பேசுவது என்பதை.

ஹெலன் கெல்லருக்குப் பார்வையும் கேள்வியும் போனது 19-ஆம் மாதத்தில். ஆசிரியை ஆன் சல்லிவன் 1887-இல் வந்து அவர் உள்ளங்கையில் எழுத்துக்களைக் கூட்டிக் காட்டினார். குழாயடியில் ஒரு கை நனைய, மறு கையில் தண்ணீர் என்ற சொல் எழுதப்பட்டது. இந்தக் கதை நம் பாடப் புத்தகம்வரை வந்துவிட்டது. அதிகம் பேசப்படாத துணுக்கு ஒன்று உண்டு. நோய் வருவதற்கு முன்பு அவர் மழலையாகச் சொல்லப் பழகியிருந்த சொற்களில் தண்ணீரும் ஒன்று. மற்றப் பேச்செல்லாம் போனபிறகும் அதற்குரிய ஓர் ஒலி மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது என்று அவரே எழுதியிருக்கிறார். நம் கணக்குப்படி அம்புலிப் பருவத்தைத் தாண்டிய பிள்ளை. அந்தப் 19 மாதமும் யாரோ அவரோடு ஓயாமல் பேசியிருக்கிறார்கள்.

வீரராகவர் காலத்தை ஒட்டித் தெற்கே இன்னொருவர். ஸ்ரீவைகுண்டத்துக் குமரகுருபரர் ஐந்து வயதுவரை பேசவில்லை. பெற்றோர் திருச்செந்தூருக்குத் தூக்கிப் போனார்கள், அங்கே வாய் திறந்தது என்பது வரலாறாகவே சொல்லப்படுகிறது. வளர்ந்து அவர் பாடியதுதான் மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழ். திருமலை நாயக்கர் அவையில் அரங்கேறியபோது அம்மனே சிறுமியாக வந்து அரசர் மடியில் உட்கார்ந்து கேட்டாள் என்பார்கள். பேச்சு வராத பிள்ளையும் பார்வை இல்லாத பிள்ளையும் வளர்ந்ததும் பிள்ளைத்தமிழ் பாடப் போனது தற்செயலாக இருக்கலாம். மற்றப் பிள்ளைகள் தானாக வந்ததாக எண்ணிக்கொள்வதை இவர்கள் இருவரும் ஒருவர் தந்து பெற்றதாக அறிந்திருந்தார்கள் என்று நினைக்கவே எனக்குப் பிடித்திருக்கிறது.

செய்யூருக்கு வடக்கே அதே கரையோரத்தில் மாமல்லபுரம். மாசி மகத்துக்கு இருளர் பழங்குடியினர் பல மாவட்டங்களிலிருந்து வந்து கடற்கரையில் புடவைகளால் கூடாரம் கட்டித் தங்குவார்கள். மணலில் படி அமைத்துப் பூ வைத்துக் கன்னியம்மனைக் கும்பிடுவார்கள். பிள்ளைகளுக்குப் பெயர் வைப்பதும் மொட்டை அடிப்பதும் காது குத்துவதும் அங்கேதான்; விடியலில் கல்யாணங்களும் நடக்கும். முழுநிலாவும் மணலும் பிள்ளையுமாகப் பிள்ளைத்தமிழின் பாதிப் பருவங்கள் அந்த ஓர் இரவில் நடந்து முடிந்துவிடும். பாட்டியல் எதையும் அவர்கள் படித்ததில்லை.

அவர்களில் இருவரை நாடறியும். வடிவேல் கோபால், மாசி சடையன். 2023-இல் பத்மஸ்ரீ பெற்றவர்கள். செங்கல்பட்டு மாவட்டத்துக்காரர்கள். பள்ளிக்கூடம் போனதில்லை, பெரியவர்கள் பின்னாலேயே வரப்பும் புதருமாக அலைந்து, புழுதித் தடத்தைப் பார்த்துப் பாம்பின் போக்கைச் சொல்லக் கற்றவர்கள். 2017 ஜனவரியில் ஃபுளோரிடா அரசு அங்கே பெருகிவிட்ட பர்மிய மலைப்பாம்புகளைப் பிடிக்க இவர்களை வரவழைத்தது. அதற்கு முந்தைய ஆண்டு நடந்த போட்டியில் சுமார் 1000 பேர் ஒரு மாதம் தேடிப் பிடித்தது 106. இவர்கள் இருவரும் இரண்டு வாரத்துக்குள் 13 பிடித்தார்கள். ஒன்று 16 அடி நீளம். முன்பின் பார்த்திராத நாடு, வேறு மண், வேறு புல். நடக்கப் பழகிய வயதிலேயே ஏறிய பார்வை அங்கேயும் வேலை செய்தது. வீரராகவருக்குக் கண்ணில்லாமல் எழுத்து ஏறியது. இவர்களுக்கு எழுத்தில்லாமல் கண் ஏறியது.

இதைச் சொல்லி இருளர் பிள்ளைகளின் வாழ்வே இன்பம் என்று முடித்துவிட்டால் அது பொய். கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1976-இல் வந்தது. அதற்குப் பிறகும் இந்த வட்டாரத்துச் செங்கல் சூளைகளிலும் அரிசி ஆலைகளிலும் மரம் வெட்டும் இடங்களிலுமிருந்து இருளர் குடும்பங்கள் மீட்கப்பட்ட செய்தி வந்துகொண்டே இருக்கிறது. சூளையில் முன்பணம் குடும்பத்துக்கு, கூலி ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று. கல் எண்ணிக்கை குறைந்தால் கடன் ஏறும். அங்கே பிள்ளையின் பக்கத்தில் உட்காரும் ஒவ்வொரு பொழுதுக்கும் ஒரு விலை உண்டு. செய்யூர் உப்பளங்களில் நிலைமை அவ்வளவு கொடுமை இல்லை, ஆனால் வெயில் ஏறுவதற்குள் வேலை பார்த்தாக வேண்டும்; விடியுமுன் அம்மா போய்விடுவாள். பிள்ளை ஆயாவிடம்.

அரசு என்ன செய்கிறது என்பதைப் பருவங்களை வைத்தே கணக்குப் பார்த்துவிடலாம். தமிழக அரசில் பணிபுரியும் பெண்ணுக்கு 2021-இலிருந்து 12 மாத மகப்பேறு விடுப்பு. பிறந்த நாளிலிருந்து எடுத்தால் முத்தப் பருவம்வரை கூட இருக்கலாம். வருகைப் பருவம் தொடங்கும்போது வேலைக்குத் திரும்ப வேண்டும். தனியார் நிறுவனத்தில் 2017 சட்டத் திருத்தப்படி 26 வாரம். தாலப் பருவம் வருவதற்குள் தீர்ந்துவிடும். அங்கன்வாடியில் முன்பருவக் கல்வி இரண்டு வயதுக்கு மேல், அதாவது சிறுதேர் உருட்டி முடித்த பிறகு. அதற்கு முன்பு வீட்டுக்குச் சத்துமாவு வரும். கூட உட்கார ஆள் வராது. உப்பளத்திலும் சூளையிலும் இருக்கிற தாய்க்கு டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தில் ஊட்டச்சத்துப் பெட்டகமும் சேர்த்து 18,000 ரூபாய் மதிப்பில் உதவி உண்டு, தவணை தவணையாக. சம்பளத்தோடு ஒரு நாள் விடுப்பும் கிடையாது. ஆகவே செங்கீரையிலிருந்து சிறுதேர்வரை பத்தில் ஒன்பது பருவத்தையும் பார்த்துக்கொள்வது அந்த ஆயாதான். எந்தத் திட்டத்தின் செலவுக் கணக்கிலும் அவருக்கென்று ஒரு வரி இல்லை.