ஊர்ப் பள்ளத்துக்கும் ஒரு காவல்
(வானொலியில் பண்ணைச் செய்தி நேயர்களுக்கு ஆற்றிய உரை)



ஒரு ஊர் பெருத்து நகரமாக ஆகும்போது முதலில் காணாமல் போவது எது? பள்ளமான நிலம்தான். தண்ணீர் தேங்கி, கோரையும் நாணலும் மண்டிக் கிடக்கிற நிலம். ‘எதற்கும் உதவாத இடம்’ என்று அதற்குப் பேர். நாலு லாரி மண்ணைக் கொட்டினால் வீட்டு மனை ஆகிவிடும். அப்புறம் ஒரு பெருமழை வரும். இத்தனை நாளும் அந்தப் பள்ளம் நமக்குச் சும்மா செய்து கொடுத்த வேலை என்ன என்று அன்றைக்குத்தான் புரியும்.

இந்தத் தொல்லை உலகம் முழுக்க உண்டு. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் என்ற மாநிலத்திலே இதற்கு ஒரு வழி கண்டிருக்கிறார்கள். அதைப் பற்றித்தான் இன்றைக்குச் சொல்லப் போகிறேன்.

அந்த மாநிலத்தில் 1957-ஆம் வருஷம் ஒரு சட்டம் வந்தது. நகரமானாலும் சிற்றூரானாலும், விரும்பினால் தனக்கென்று ஓர் இயற்கைப் பாதுகாப்புக் கமிஷன் வைத்துக்கொள்ளலாம் என்றது அந்தச் சட்டம். கமிஷன் என்றதும் தலைநகரிலிருந்து காரில் வந்து இறங்கும் பெரிய அதிகாரிகளை நினைத்துவிடாதீர்கள். உள்ளூர்க்காரர்கள்தான் உறுப்பினர்கள். குறைந்தது 3 பேர், கூடினால் 7 பேர். பதவிக்காலம் 3 வருஷம். பெரும்பாலும் சம்பளம் இல்லாத ஊர்ப்பணி. வசதியுள்ள நகரங்கள் மட்டும் இவர்களுக்குத் துணையாகச் சம்பளத்துக்கு ஓர் அலுவலரை வைத்துக்கொள்கின்றன.

இவர்களுடைய முதல் வேலை என்ன தெரியுமா? கணக்கு எடுப்பது. ஊர் எல்லைக்குள் எங்கே காடு இருக்கிறது, எங்கே திறந்தவெளி, எங்கே சதுப்பு, எங்கே ஈரநிலம் என்று பட்டியல் போட்டு வைக்க வேண்டும். கூட்டம் நடத்தினால் நடவடிக்கைக் குறிப்பு வைக்க வேண்டும். வருஷத்துக்கு ஒரு தடவை ஊருக்கு அறிக்கை கொடுக்க வேண்டும். கணக்கில் ஏறாத நிலம் களவு போனாலும் கேட்பார் இல்லை. அதனால்தான் பட்டியலுக்கு முதல் இடம்.

அடுத்த வேலை, நிலம் சேர்ப்பது. தானமாக யாராவது கொடுத்தால் ஊரின் பேரில் வாங்கிக்கொள்ளலாம். தனி நிதி வைத்து விலைக்கும் வாங்கலாம். மிகவும் அவசியம் என்றால் நகரசபையில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவோடு, நஷ்டஈடு கொடுத்துக் கட்டாயமாக எடுக்கவும் வழி உண்டு. இங்கே நீங்கள் கவனிக்க வேண்டிய சங்கதி ஒன்று இருக்கிறது. விவசாயம் நடக்கிற நிலத்தை இந்தச் சட்டத்தின் பேரால் கட்டாயமாக எடுக்கக் கூடாது என்று அதே சட்டத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள்.

பாஸ்டன் நகருக்குப் பக்கத்திலே நியூட்டன் என்று ஒரு நகரம். அங்கே 2019-ஆம் வருஷம் டிசம்பரில், கட்டிடம் வந்துவிடும் என்று பயந்த சுமார் 17 ஏக்கர் காட்டை நகரசபை இப்படி எடுத்துக்கொண்டது. அதற்கென்று ஒதுக்கிய தொகை 1 கோடியே 52 லட்சம் டாலர். மரம் நிற்கிற 17 ஏக்கருக்கு இவ்வளவு பணமா என்று கேட்கத் தோன்றும். நகரத்துக்குள் நிலத்தின் விலை அப்படி. முன்னமே யோசிக்காவிட்டால் பின்னாலே பல மடங்கு கொடுக்க நேரும்.

மூன்றாவது வேலைதான் பெரிசு. 1972-ஆம் வருஷத்து ஈரநிலப் பாதுகாப்புச் சட்டப்படி, சதுப்பிலோ அதன் ஓரத்தில் 100 அடிக்குள்ளோ மண் கொட்டவோ, தோண்டவோ, கட்டவோ நினைக்கிறவர்கள் முதலில் கமிஷனிடம் போக வேண்டும். 1996-இல் வந்த இன்னொரு சட்டம் ஆற்றோரத்தில் 200 அடி வரை காவலை நீட்டியது. நெருக்கமான சில நகரங்களில் மட்டும் அது 25 அடி.

நடைமுறை இதுதான். மனுப் போடுகிறவர் அக்கம்பக்கத்து நிலக்காரர்களுக்கு நோட்டீஸ் கொடுக்க வேண்டும். 21 நாளைக்குள் பகிரங்க விசாரணை நடக்கும். யாரும் வந்து பேசலாம். விசாரணை முடிந்த 21 நாளைக்குள் உத்தரவு வர வேண்டும். ‘கட்டலாம், ஆனால் இன்ன இன்ன நிபந்தனைக்கு உட்பட்டு’ என்றுதான் பெரும்பாலும் உத்தரவு இருக்கும். வெள்ளம் பரவுகிற பள்ளத்தில் ஒருவர் மண் கொட்டி எவ்வளவு தண்ணீருக்கு இடத்தை அடைக்கிறாரோ, அவ்வளவு தண்ணீர் கொள்ளும் இடத்தை அதே மட்டத்தில் வேறு பக்கம் வெட்டிக் கொடுக்க வேண்டும். மீறினால் வேலையை நிறுத்தச் சொல்லிக் கமிஷன் உத்தரவு போடும்.

கமிஷனே தவறாக முடிவு செய்தால்? அதற்கும் வழி இருக்கிறது. பக்கத்து நிலக்காரர் மேல்முறையீடு செய்யலாம். அந்த ஊர்க்காரர்கள் 10 பேர் சேர்ந்து கையெழுத்துப் போட்டாலும் மாநில இலாகாவிடம் போகலாம். அலுவலக வேலை நாளில் 10 நாளைக்குள் போக வேண்டும்.

‘அப்படியானால் ஈரநிலத்து ஓரம் பயிர் வைத்திருக்கிற விவசாயி கதி என்ன? வரப்பு போடவும் வாய்க்கால் தூர் வாரவும் மனுவா?’ என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஏற்கெனவே சாகுபடியில் இருக்கிற நிலத்தில் வழக்கமாகச் செய்கிற பராமரிப்பு வேலைகளுக்குச் சட்டம் விலக்குக் கொடுத்திருக்கிறது. புதிதாகச் சதுப்பை உடைத்து வயலாக்குவதற்கு மட்டும் அந்த விலக்குச் செல்லாது.

இவ்வளவு பாடு எதற்கு? சார்லஸ் ஆற்றின் கதையைக் கேளுங்கள். பாஸ்டன் நகரத்தை ஒட்டி ஓடிக் கடலில் கலக்கிற ஆறு அது. 1955-இலும் 1968-இலும் அங்கே வெள்ளம் வந்தது. வெள்ளத் தடுப்புக்கு என்ன செய்யலாம் என்று ராணுவப் பொறியாளர் படை ஆராய்ந்தது. கீழ்ப்பகுதியில் நகரத்துத் தண்ணீர் சில மணி நேரத்தில் ஆற்றுக்கு ஓடி வந்துவிட்டது. மேல்பகுதித் தண்ணீரோ சதுப்புகளில் தங்கி, பல நாள் கழித்து மெல்ல மெல்ல இறங்கியது. இரண்டும் ஒரே நேரத்தில் வந்து சேராததால் நகரத்துக்குச் சேதம் குறைந்தது.

அணையும் கரையும் கட்டினால் சுமார் 10 கோடி டாலர் ஆகும் என்று கணக்குப் போட்டார்கள். சதுப்புகளை அப்படியே காப்பாற்றினால் சுமார் 1 கோடி டாலர் போதும். 1974-இல் அமெரிக்க நாடாளுமன்றம் அனுமதி தந்தது. 1983-க்குள் 17 இடங்களில் சுமார் 8,000 ஏக்கர் சதுப்பைச் சேர்த்துவிட்டார்கள். ஒரு பகுதியைக் கிரயம் பேசி வாங்கினார்கள். மற்றதில் நிலம் சொந்தக்காரரிடமே இருக்கும். ஆனால் மண் கொட்டி மேடாக்கக் கூடாது என்ற உரிமையை மட்டும் விலை கொடுத்து வாங்கினார்கள். புது அணை எழுப்பாமல், இருந்த பள்ளத்தை விட்டுவைத்தே வெள்ளத்துக்கு வழி செய்தார்கள்.

நிலம் கைக்கு வந்ததோடு காவல் முடிவதில்லை. நம் குளங்களில் ஆகாயத்தாமரை படர்கிற மாதிரி, சார்லஸ் ஆற்றில் முள்ளுக்காய் காய்க்கிற ஒரு நீர்க்கொடி படர்கிறது. ஒரு வருஷம் விட்டுவிட்டால் சேற்றில் விழுந்த காய்கள் பல வருஷம் முளைத்துக்கொண்டே இருக்கும். காய் உதிருமுன் தொண்டர்கள் படகில் போய்க் கையாலே பிடுங்குகிறார்கள். அடர்ந்த இடத்துக்கு இயந்திரம் போகிறது. களை விஷயத்தில் நம் அனுபவமும் அதுதானே? பூக்குமுன் ஒரு ஆள் செய்கிற வேலையைக் காய்த்தபின் பத்து ஆள் செய்ய வேண்டியிருக்கும்.

இந்த ஏற்பாட்டிலும் குறை இல்லாமல் இல்லை. சம்பளமில்லாத ஏழு பேர் வேலை முடித்து ராத்திரி உட்கார்ந்து வரைபடம் பார்க்கிறார்கள். எதிரே மனைக்காரர் வக்கீலும் பொறியாளருமாக வந்து நிற்கிறார். ஊர்க்காரர்கள் விசாரணைக்கு வராத நாளில் கமிஷனின் கை தளர்ந்துதான் போகும்.

ஆகவே, சட்டத்துக்கு உயிர் கொடுப்பது மூன்று விஷயம். பள்ளம் எங்கே என்று கணக்கில் எழுதியிருக்க வேண்டும். மண் விழுமுன் பக்கத்து நிலக்காரருக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்த பிறகு பத்துப் பேராவது எழுந்து வர வேண்டும். மேட்டில் இருப்பவன் பள்ளத்தை அடைத்தால், அந்தத் தண்ணீர் அடுத்தவன் வீட்டு வாசலுக்குத்தான் போகும் நேயர்களே.