வெயில் நாட்டுக் காதற்கதைகள்

நல்ல செய்தி கேட்டால் நமக்கு நெஞ்சு குளிர்கிறது. அருளைத் தண்ணளி என்கிறோம். வறியோர்க்கு உதவுபவரை நிழல் தரும் மரத்திற்கு ஒப்பிடுகிறோம். ஆங்கிலேயருக்கோ மகிழ்ச்சியில் நெஞ்சு வெதுவெதுப்படைகிறது. குளிர்ந்த நெஞ்சினர் என்றால் அன்பற்றவர் என்று பொருள். இவ்வேற்றுமைக்குக் காரணம் மொழியன்று, வானம். டிசம்பர் மாதத்தில் லண்டன் மாநகரில் மாலை நான்கு மணிக்கு முன்பே கதிரவன் மறைந்துவிடுகிறான். அத்தகைய நாட்டிலே வாழ்வோர்க்கு வெயில் என்பது வானிலை மட்டுமன்று. அது ஒரு வரம்.

இவ்வேக்கத்திலிருந்து பிறந்த ஓர் இலக்கிய வகையைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன். ஆங்கிலத்தில் ஆண்டுதோறும் கோடை நெருங்கும்போது, நீலக் கடலும் வெள்ளைச் சுவரும் காகிதப்பூக் கொடியும் தீட்டிய அட்டையுடன் காதல் நாவல்கள் பல வெளிவருகின்றன. கதை பெரும்பாலும் ஒரே போக்கினது. மழை பெய்யும் நகரத்திலே வேலையையோ காதலனையோ இழந்த பெண் ஒருத்தி, இத்தாலியிலோ கிரேக்கத் தீவிலோ ஸ்பெயினிலோ சில வாரங்கள் தங்கச் செல்கிறாள். அங்கே ஒரு பழைய வீடு அல்லது ஒரு சிறிய உணவு விடுதி அவள் பொறுப்பில் வந்து சேர்கிறது. முதலிற் சிடுசிடுப்பவனாகத் தோன்றும் ஒருவன் பின்னர் நல்லவனாகத் தெரிகிறான். இறுதியில் திருமணம், அல்லது அதற்கான உறுதி. முடிவு இன்பமாக இருக்க வேண்டுமென்பது இவ்வகையின் எழுதாச் சட்டம்.

இவற்றை எளிதாக எள்ளி நகையாடலாம். ஆனால் கோடிக்கணக்கானோர் விரும்பிப் படிப்பதை நகையாடுவதைவிட, அவர்கள் எதைத் தேடுகிறார்கள் என்று கேட்பது பயனுடையது. அதற்கு இவ்வகையின் வேரைக் காண வேண்டும்.

ஈ. எம். ஃபார்ஸ்டர் என்னும் ஆங்கில ஆசிரியர் 1901ஆம் ஆண்டு தம் தாயாருடன் இத்தாலிக்குப் பயணம் சென்றார். அப்பயணத்தின் விளைவாக அவர் எழுதி 1908ஆம் ஆண்டில் வெளியிட்ட நாவலின் பெயர், ‘காட்சியுள்ள அறை’ என்று பொருள்படுவது. லூசி என்னும் இளம்பெண் பிளாரன்சு நகரில் ஒரு தங்கும் விடுதிக்கு வருகிறாள். ஆற்றைப் பார்த்த அறை கிடைக்கவில்லை. முன்பின் அறியாத தந்தையும் மகனுமாகிய இருவர் தங்கள் அறைகளை விட்டுக்கொடுக்க முன்வருகின்றனர். அந்தச் சிறு உதவியை ஏற்பதா, மறுப்பதா என்பதிலேயே கதை தொடங்குகிறது. சன்னலைத் திறந்து வெளியே பார்க்கத் துணிவதே வாழ்க்கையைத் திறந்து பார்க்கத் துணிவதாக ஆகிறது. அதே 1908இல்தான் லண்டனில் மில்ஸ், பூன் என்னும் இருவர் தங்கள் பதிப்பகத்தை நிறுவினர். தொடக்கத்தில் எல்லாவகை நூல்களையும் வெளியிட்ட அந்நிறுவனம் 1930களில் காதல் நாவல்களையே தன் தொழிலாகக் கொண்டது. இலக்கியமும் வாணிகமும் ஒரே ஆண்டில் புறப்பட்ட இரு வண்டிகள் போன்றவை.

ஆயினும் விடுமுறைக் காதற்கதையின் உண்மையான தாய் வேறொருவர். அவர் எலிசபெத் வான் ஆர்னிம். 1866ஆம் ஆண்டு ஆஸ்திரேலியாவில் பிறந்து இங்கிலாந்தில் வளர்ந்த இவர், ஒரு ஜெர்மானியப் பிரபுவை மணந்தார். 1905ஆம் ஆண்டில் இவர் குழந்தைகளுக்குச் சில மாதம் ஆசிரியராக இருந்தவர் மேற்கூறிய ஃபார்ஸ்டரே என்பது வியப்பான செய்தி. முதற் கணவர் மறைந்தபின், தத்துவ அறிஞர் பெர்ட்ரண்டு ரஸ்ஸலின் தமையனாரை 1916இல் மணந்தார். அம்மணம் துன்பத்தில் முடிந்தது. 1921இல் அவர் வெளியிட்ட ‘வீரா’ என்னும் நாவல், மனைவியின் மூச்சையும் அடக்கியாளும் கணவன் ஒருவனைப் பற்றிய இருண்ட கதை. அதே ஆண்டில் இத்தாலியின் போர்ட்டோஃபினோ என்னும் கடற்கரை ஊரில், குன்றின்மீதுள்ள பழைய கோட்டை வீடொன்றை வாடகைக்கு எடுத்துத் தங்கினார். அடுத்த ஆண்டு, 1922இல், ‘மாய ஏப்ரல்’ என்று நாம் பெயரிடத்தக்க நாவல் வெளிவந்தது. இருளை முழுதும் கண்டவர் எழுதிய ஒளிக்கதை அது.

பிப்ரவரி மாதத்து மழைநாள் ஒன்றில், லண்டனிலுள்ள பெண்கள் சங்கமொன்றிலே, லாட்டி என்னும் வழக்கறிஞர் மனைவி செய்தித்தாளில் ஒரு விளம்பரம் காண்கிறாள். இத்தாலியில் கடலோரக் கோட்டை ஒன்று ஏப்ரல் மாதத்துக்கு வாடகைக்குக் கிடைக்கும் என்பது செய்தி. அவள் பேசிப் பழகாத மற்றொருத்தியும் அதையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். அவள் பெயர் ரோஸ். வாடகை அறுபது பவுன். இருவராற் கொடுக்க இயலாது. ஆகவே இன்னும் இருவரைச் சேர்த்துக்கொண்டு, ஆளுக்குப் பதினைந்து பவுனாகப் பங்கிட்டுக்கொள்கிறார்கள். மூன்றாமவள், தன்னைச் சூழும் ஆடவர் கூட்டத்தால் அலுத்துப்போன பேரழகி. நான்காமவர், மறைந்துபோன பெரியோர்களின் நினைவிலேயே வாழும் மூதாட்டி.

இந்தப் பதினைந்து பவுனை நேயர்கள் மனத்திற் கொள்ள வேண்டும். லாட்டி அதைத் தன் சொந்தச் சேமிப்பிலிருந்து எடுக்கிறாள். கணவனிடம் கேளாமல் ஒரு மாதத்தைத் தனக்கென்று வைத்துக்கொள்வது அக்காலத்துக் குடும்பப் பெண்ணுக்கு எளிய செயலன்று. குற்றம் செய்தவள்போல் நடுங்கிக்கொண்டே அவள் புறப்படுகிறாள். கோட்டைக்கு வந்து சேர்ந்த இரவிலும் மழைதான். மறுநாட் காலையில் சன்னற் கதவைத் திறக்கிறாள். கீழே அசையாத கடல், எங்கும் வெயில், எங்கும் மலர். அந்த நொடியிலேயே அவள் உள்ளத்திலிருந்த கணக்குகள் கரையத் தொடங்குகின்றன.

அடுத்து நடப்பதே இந்நாவலின் சிறப்பு. லாட்டி புதிய காதலனைத் தேடவில்லை. தான் யாரிடமிருந்து தப்பி வந்தாளோ, அந்தக் கணவனையே அழைத்துக் கடிதம் எழுதுகிறாள். இவ்வளவு இன்பத்தை ஒருவரும் தனியே வைத்துக்கொள்ளலாகாது என்பது அவள் எண்ணம். ரோஸும் தன்னை மறந்திருந்த கணவனை மீண்டும் பெறுகிறாள். பேரழகிக்கு அமைதியான துணை வாய்க்கிறது. மூதாட்டிக்கோ காதலன் இல்லை, நட்பு கிடைக்கிறது. அன்பு என்பது ஆணும் பெண்ணும் கூடுவது மட்டுமன்று என்பதை ஆசிரியர் இவ்வாறு நுட்பமாகக் காட்டுகிறார். 1991ஆம் ஆண்டில் இக்கதையைத் திரைப்படமாக எடுத்தபோது, நாவலைத் தூண்டிய அதே போர்ட்டோஃபினோக் கோட்டையிற் காட்சிகளைப் பதிவு செய்தார்கள்.

நிலமும் பொழுதும் மனித உணர்ச்சியோடு பிணைந்தவை என்பது தமிழருக்குப் புதிய கருத்தன்று. குறிஞ்சியும் கூதிரும் கூடலுக்கு உரியன; முல்லையும் கார்காலமும் காத்திருத்தலுக்கு உரியன. நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்றே தொல்காப்பியர் கூறினார். ஆனால் ஒரு வேற்றுமை உண்டு. அகப்பாடலின் தலைவி தன் நிலத்திலேயே வாழ்பவள். விடுமுறைக் கதையின் தலைவி பிறர் நிலத்திற்கு விருந்தினளாகச் செல்பவள்; அவளை அறிந்தார் அங்கே ஒருவருமில்லை. பழைய பெயரும் பழைய கடமையும் இல்லாத இடத்தில், தான் வேறொருத்தியாக இருந்து பார்க்க அவளுக்கு இயலுகிறது. வெயிலைவிடப் பெரிய மருந்து இதுவே எனலாம்.

இம்மருந்து நெடுங்காலம் செல்வர்க்கே கிடைத்தது. 1938ஆம் ஆண்டில் பிரிட்டனில் ஊதியத்துடன் கூடிய விடுமுறைக்குச் சட்டம் வந்தது. போர் முடிந்தபின், 1950ஆம் ஆண்டில், விளாடிமிர் ரைட்ஸ் என்பவர் விமானப் பயணத்தையும் தங்குமிடத்தையும் உணவையும் ஒரே கட்டணத்திற் சேர்த்துக் கார்சிகாத் தீவுக்கு மக்களை அழைத்துச் சென்றார். கட்டணம் முப்பத்திரண்டு பவுன் பத்து ஷில்லிங், தங்குமிடம் கூடாரம். அதன்பின் ஆசிரியைகளும் அலுவலக எழுத்தர்களும் மத்தியதரைக் கடலைக் கண்ணாற் கண்டார்கள். கதைகளும் உடன் சென்றன. மேரி ஸ்டூவர்ட் 1962இல் கிரீட் தீவையும், 1964இல் கார்ஃபூத் தீவையும் களமாக்கிக் காதலும் மர்மமும் கலந்த நாவல்களை எழுதினார். பயணம் செல்ல இயலாதவர்க்கு நூலே பயணச் சீட்டாயிற்று.

இனி, இவ்வகையின் குறைகளையும் கூறுதல் நடுவுநிலைமையாகும். வெயில் நாட்டில் வாழ்வோர் இக்கதைகளிற் பெரும்பாலும் ஓவியத்தின் பின்புலம்போல் நிற்கின்றனர். ‘மாய ஏப்ரல்’ நாவலிலும் தோட்டக்காரனும் சமையற்காரியும் நகைச்சுவைக்கே மிகுதியாகப் பயன்படுகின்றனர். உண்மையில் அந்நாடுகள் துன்பம் அறியாதவை அல்ல. லூயி த பெர்னியேர் 1994இல் எழுதிய நாவலுக்குக் களமான கெஃபலோனியாத் தீவை எடுத்துக்கொள்வோம். 1943ஆம் ஆண்டு செப்டம்பரில் அங்கே ஆயிரக்கணக்கான இத்தாலியப் போர்வீரர்களை ஜெர்மானியப் படையினர் கொன்றனர். 1953ஆம் ஆண்டு நிலநடுக்கம் அத்தீவின் ஊர்களில் மிகப் பலவற்றைத் தரைமட்டமாக்கியது. அந்த ஆசிரியர் இவ்விரண்டையும் தம் கதையிற் கூறியமையாற்றான் அந்நாவலின் வெயிலுக்கு நிழலும் உண்டாயிற்று. மேலும், எல்லாரும் ஒரே அழகிய ஊரைத் தேடிச் சென்றால் அவ்வூர் என்னாகும்? வெனிசு நகரம் 2024ஆம் ஆண்டு முதல், ஒரு நாள் மட்டும் வந்து போகும் பயணிகளிடம் குறிப்பிட்ட நாட்களில் நுழைவுக் கட்டணம் வாங்கத் தொடங்கியது. கனவுக்கும் ஒரு சுமை உண்டு. அதை ஊரார் சுமக்கின்றனர்.

மற்றொரு குற்றச்சாட்டு, இக்கதைகள் பொய்யான ஆறுதல் தருகின்றன என்பது. விமானச் சீட்டு வாங்கினால் மனப்புண் ஆறிவிடுமா? ஆறாது. நல்ல கதைகள் அவ்வாறு கூறவும் இல்லை. லாட்டியை மாற்றியது இத்தாலி மட்டுமன்று. முப்பது நாள் யாருக்கும் பணிவிடை செய்யாமல் இருக்க அவளுக்குக் கிடைத்த உரிமையும் ஆகும். ஓய்வு பெற்ற உள்ளம் பிறர் குற்றத்தை மன்னிக்க வல்லதாகிறது; களைத்த உள்ளம் சிறு பிழையையும் மலையாகக் காண்கிறது. இவ்வுண்மையை அறிவதற்குக் கோட்டையும் வேண்டியதில்லை, கடலும் வேண்டியதில்லை.

ஆகவே, இத்தகைய நாவல் ஒன்றை எடைபோட ஓர் எளிய உரைகல் உண்டு. விடுமுறை முடிந்து தலைவி ஊர் திரும்பும்போது, அல்லது திரும்பாமலே அங்குத் தங்கிவிடும்போது, அவள் கொண்டு செல்வது வெயிலின் நினைவு மட்டுமா, அன்றிப் பிறரை ஏற்கும் புதிய வலிமையா என்று பார்க்க வேண்டும். முன்னது அட்டைப் படத்தோடு மங்கிப்போகும். பின்னது படித்தவர் உள்ளத்திலும் சிறிது தங்கும். நூறாண்டு கடந்தும் ‘மாய ஏப்ரல்’ நாவலை மக்கள் தேடிப் படிப்பதற்குக் காரணம் இதுவே. அந்நான்கு பெண்களும் பதினைந்து பவுன் கொடுத்து வாங்கியது ஒரு மாத வெயில். பெற்றதோ அதனினும் பெரிது.