காய்ந்தாலும் சாகாத மருந்து

உங்கள் இடது கை மேல்புறத்தைத் தொட்டுப் பாருங்கள். சின்னதாக ஒரு தழும்பு இருக்கும். (சிலருக்கு இருக்காது, பயப்படாதீங்க.) அது காசநோய் வராமல் இருக்க நாம் பிறந்ததும் போட்ட பி.சி.ஜி. ஊசி. அந்த மருந்து குப்பியில் வெள்ளைத் தூளாகத்தான் வருகிறது. ஆனால் அந்தத் தூளுக்குள் இருப்பது உயிருள்ள கிருமி! பிரான்ஸ் நாட்டு கால்மெட், குவெரின் இருவரும் 13 வருஷம் வளர்த்து வளர்த்து அதன் வீரியத்தைக் குறைத்தார்கள். 1921ல் முதன்முதலாக ஒரு குழந்தைக்குக் கொடுத்தார்கள்.

காய்ந்த தூளில் உயிர் எப்படி இருக்கும்? நம் வீட்டில் கத்தரி விதையைச் சாம்பலில் புரட்டிக் காய வைக்கிறார்களே, அதை நினைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் இல்லாவிட்டால் விதைக்குள் எந்த வேலையும் நடக்காது. கெட்டுப்போகிற வேலையும் நடக்காது. ஈரம் பட்டதும் முளைக்கும். அதுக்காக எல்லாவற்றையும் வெயிலில் போட முடியுமா? கருவாடும்தான் கெடுவதில்லை, தண்ணீரில் விட்டால் நீந்துமா! விதைக்குக் காய்ந்து கிடக்கிற சக்தி இயற்கையிலேயே உண்டு. கிருமிக்குச் சூடு ஆகாது.

அதனால் மருந்தை முதலில் உறைய வைக்கிறார்கள். பிறகு பம்பு வைத்துக் காற்றை உறிஞ்சுகிறார்கள். அப்போது பனிக்கட்டி உருகாமலே ஆவியாகிப் போய்விடும். திறந்து வைத்த கற்பூரம் காணாமல் போகிற மாதிரிதான். புத்தகத்தில் பதங்கமாதல் என்று வருமே, அதேதான். சூடே படாமல் காய்ந்துவிடும். பிறகு காற்றுப் புகாமல் குப்பியை மூடுவார்கள்.

எங்கள் தெரு ஆச்சி ஒருவருக்கு முகம் பூராவும் குழி குழியாக இருக்கும். சின்ன வயசில் பெரியம்மை வந்ததாம். கூடப் பிறந்த இரண்டு பேர் அதிலேயே போய்விட்டார்களாம். பெரியம்மைக்குத் தடுப்பூசி 1796லேயே ஜென்னர் கண்டுபிடித்தது. அப்புறம் ஏன் ஆச்சிக்கு வந்தது என்று நான் யோசித்தேன். ஊசியே போடவில்லையோ என்னவோ. ஆனால் போட்டவர்களுக்கும் சில சமயம் பலிக்கவில்லை. மருந்து திரவமாக இருந்ததால் வெயிலில் சில நாளிலேயே வீரியம் போய்விடும். 1950களில் லண்டன் லிஸ்டர் நிறுவனத்தில் லெஸ்லி காலியர் என்பவர் அதை உறைய வைத்து உலர்த்தி நிறையத் தயாரிக்க வழி கண்டார். 37 டிகிரியில் ஒரு மாசம் வைத்தாலும் வீரியம் இருக்க வேண்டும் என்பது அதற்கு விதி. நம்ம சென்னை கிண்டி கிங் நிலையத்திலும் தயாரித்தார்கள். 1975 மே மாதத்துக்குப் பிறகு இந்தியாவில் யாருக்கும் பெரியம்மை இல்லை. 1980ல் உலகத்திலேயே ஒழிந்துவிட்டதாக அறிவித்தார்கள்.

ஆனால் பி.சி.ஜி. தூளானாலும் குளிர்ச்சியில்தான் வைக்க வேண்டும். தட்டம்மை-ரூபெல்லா ஊசியும் இப்படித் தூளாக வருவதுதான். தூளில் அதற்குரிய நீரைக் கலந்துவிட்டால் 4 மணி நேரத்துக்குள் போட்டுவிட வேண்டும், மீதியைப் போடக் கூடாது. புதன்கிழமை தம்பி, தங்கச்சிக்கு ஊசி போடப் போனால் குப்பியைக் கவனித்துப் பாருங்கள். எத்தனை மணிக்குக் கலந்தது என்று நர்ஸ் அக்கா அதன்மேல் எழுதியிருப்பாங்க.