ஊருக்கு வந்தும் 'சிங்கப்பூரிலேயே' நிற்கும் செல்போன்! காரணம் என்ன? சரிசெய்வது எப்படி?

திருப்பனந்தாள்,

ஆள் ஊருக்கு வந்தாச்சு. பெட்டி வந்தாச்சு. ஆனால் செல்போன் மேப்பில் அந்த நீலப்புள்ளி மட்டும் இன்னும் சிங்கப்பூரை விட்டு நகரவே இல்லை. "மச்சான், லொகேஷன் அனுப்புன்னா சிங்கப்பூரை அனுப்பி வச்சிருக்கியே, நான் எங்கேன்னு கார் எடுத்துட்டு வர்றது?" என்று போனில் சத்தம் போடாத சொந்தக்காரர்கள் குறைவு.

திருப்பனந்தாள், பந்தநல்லூர், சோழபுரம், அணைக்கரை வட்டாரத்தில் இருந்து சிங்கப்பூர், துபாய், குவைத் என்று வேலைக்குப் போனவர்கள் ஏராளம். லீவில் வரும்போது இந்த தலைவலி பலருக்கும் உண்டு. போன் கெட்டுப்போச்சு என்று பயந்து கடைக்கு ஓடினால், 'சாப்ட்வேர் போடணும், போர்டு போயிருக்கும்' என்று ஆயிரக்கணக்கில் செலவு வைத்துவிடுகிறார்கள். ஆனால் பெரும்பாலான போன்களில் எந்த பழுதும் இருப்பதில்லை.

இதுபற்றிய விவரம் வருமாறு:-

தலைக்கு மேலே 4 சாட்டிலைட்

ஜி.பி.எஸ். என்பது அமெரிக்க ராணுவம் உருவாக்கிய ஏற்பாடு. முதல் சாட்டிலைட் 1978-ல் விண்ணுக்கு போனது. 1995-ல் முழு அளவில் செயல்பாட்டுக்கு வந்தது. சுமார் 20 ஆயிரத்து 200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் இந்த சாட்டிலைட்டுகள், 'இப்போது மணி என்ன, நான் எங்கே இருக்கிறேன்' என்று ஓயாமல் சொல்லிக்கொண்டே இருக்கின்றன. அந்த சிக்னல் வந்துசேர எவ்வளவு நேரம் ஆனது என்று கணக்கு போட்டுத்தான் போன் தன் இடத்தை கண்டுபிடிக்கிறது. இதற்கு குறைந்தது 4 சாட்டிலைட்டாவது தெரிய வேண்டும். ஒரு வினாடியை 10 லட்சமாக கூறுபோட்டு அதில் ஒரு கூறு தவறினாலும் இடம் 300 மீட்டர் தள்ளிப்போய்விடும். அவ்வளவு நுணுக்கமான கணக்கு!

எந்த சாட்டிலைட் எந்த பக்கம் இருக்கும் என்பதை போன் கடைசியாக இருந்த ஊரை வைத்துத்தான் யூகிக்கிறது. விமானத்தில் போனை அணைத்துவிட்டு 4 மணி நேரத்தில் சுமார் 3 ஆயிரம் கிலோமீட்டர் தாண்டி திருச்சியில் இறங்கினால், அதன் நினைப்பில் இன்னும் சிங்கப்பூர்தான். அங்கே தெரிகிற சாட்டிலைட்டை இங்கே நின்றுகொண்டு தேடும். கிடைக்காது. கிடைக்கும்வரை பழைய புள்ளியையே காட்டிக்கொண்டிருக்கும்.

அப்படியென்றால் எல்லாருக்கும் இந்த தொல்லை வரவேண்டுமே? வருவதில்லை. காரணம் இன்டர்நெட். சாட்டிலைட் விவரங்களை போன் இன்டர்நெட் வழியாக சில வினாடிகளில் இறக்கிக்கொள்ளும். வெளிநாட்டு சிம்மில் ரோமிங் டேட்டாவை அணைத்து வைத்திருப்பவர்களுக்கு அந்த உதவி கிடைக்காது. அப்போது சாட்டிலைட்டிடம் இருந்தே நேரடியாக வாங்க வேண்டும். அது ஒரு வினாடிக்கு வெறும் 50 'பிட்' வேகம். ஆமை வேகம் என்றுகூட சொல்ல முடியாது! ஒரு சாட்டிலைட் தன் விவரத்தை சொல்லி முடிக்க அரை நிமிடம். எல்லா சாட்டிலைட்டுகளின் பட்டியலையும் வாங்க 12½ நிமிடம். நடுவில் சிக்னல் அறுந்தால் விட்டுப்போனதற்காக மறுபடி காத்திருக்க வேண்டும்.

வீட்டுக்குள் உட்கார்ந்து தட்டினால் வராது

இங்கேதான் பலரும் தவறு செய்கிறார்கள். கான்கிரீட் கூரைக்கு கீழேயும், தகர கொட்டகையிலும், ஓடுகிற காருக்குள்ளேயும் உட்கார்ந்துகொண்டு போனை தட்டு தட்டு என்று தட்டுவார்கள். பலன் இருக்காது. அடர்ந்த தென்னந்தோப்புக்குள்ளும் சிக்னல் மெலிந்துவிடும்.

தஞ்சை பக்கத்துக்காரர்களுக்கு ஒரு சவுகரியம், வானம் மறைக்காத இடத்துக்கு பஞ்சமே இல்லை. வயல் வரப்பு, களத்துமேடு, கொள்ளிடக்கரை, இல்லாவிட்டால் மொட்டை மாடி. போனில் தேதி, நேரம், டைம் ஜோன் ஆகியவை தானாக மாறும்படி வைத்துவிட்டு (சிங்கப்பூர் நேரம் நம்மூரைவிட 2½ மணி நேரம் முன்னால், துபாய் 1½ மணி நேரம் பின்னால்), லொகேஷனை ஆன் செய்து, உள்ளூர் சிம் டேட்டாவையும் போட்டு, ஒரே இடத்தில் 15 நிமிடம் நின்றால் போதும். நடக்கக்கூடாது, பைக்கில் சுற்றக்கூடாது. பேட்டரி சேமிப்பு ஆன் ஆகியிருந்தால் அணைத்துவிட வேண்டும். மேப் ஆப்புக்கு 'துல்லியமான இருப்பிடம்' என்ற அனுமதி இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

இடம் சரியாகி, திசை மட்டும் தப்பாக காட்டினால் அது வேறு கோளாறு. போனுக்குள் இருக்கும் திசைகாட்டி குழம்பியிருக்கும். காந்தம் வைத்த கவரை கழற்றிவிட்டு, போனை காற்றில் 8 போடுவதுபோல நாலைந்து முறை சுழற்றினால் சரியாகும்.

கூட வந்த ரவுட்டர் செய்யும் கூத்து

சிலருக்கு வேடிக்கையான அனுபவம் நடக்கும். ரோட்டுக்கு வந்தால் மேப் திருப்பனந்தாளை காட்டும். வீட்டுக்குள் நுழைந்தால் துபாய்க்கு தாவிவிடும்! அவருக்கு மட்டுமல்ல, ஊரை விட்டே போகாத அப்பா, அம்மா போனிலும் துபாய்.

பேய் பிசாசு எதுவும் இல்லை. காரணம், அங்கே ரூமில் மாட்டியிருந்த வைபை ரவுட்டரை 'வீணாப் போகுதே' என்று பெட்டியில் போட்டு கொண்டுவந்ததுதான். சாட்டிலைட் எட்டாத இடத்தில், பக்கத்தில் எந்த வைபை இருக்கிறது என்று பார்த்துத்தான் போன் இடத்தை யூகிக்கும். ஒவ்வொரு ரவுட்டருக்கும் ஒரு தனி எண் உண்டு. அந்த எண் எந்த இடத்தில் இருக்கிறது என்று கூகுள், ஆப்பிள் போன்ற கம்பெனிகள் பதிந்து வைத்திருக்கின்றன. அந்த பதிவில் ரவுட்டர் இன்னும் துபாயில் இருப்பதாகவே இருக்கும்.

ரவுட்டரை ஒரு மணி நேரம் அணைத்துப் பார்த்தாலே குட்டு வெளிப்பட்டுவிடும். வீட்டு வாசலில் ஜி.பி.எஸ். நன்றாக கிடைக்கும் இடத்தில், ரவுட்டரும் எட்டும் தூரத்தில், தினமும் கொஞ்ச நேரம் போனை பயன்படுத்தி வந்தால் நாளடைவில் பதிவு தானாக மாறும். பொறுமை இல்லாதவர்கள் வைபை பெயரின் கடைசியில் ஆங்கிலத்தில் ஒரு அடிக்கோடு போட்டு 'நோமேப்' என்று சேர்த்தால், கூகுள் அந்த ரவுட்டரை கணக்கில் எடுக்காது.

இன்னொரு ரகமும் உண்டு. மேப் சரியாக இருக்கும், ஆனால் செய்தியும் விளம்பரமும் சிங்கப்பூரில் இருந்தே வரும். வெளிநாட்டு சிம்மின் ரோமிங் டேட்டா பெரும்பாலும் அந்த நாட்டை சுற்றித்தான் வருகிறது. அதனால் வரும் குழப்பம் இது. வி.பி.என். போட்டிருப்பவர்களுக்கும் இதே கதைதான். ஜி.பி.எஸ்.சுக்கும் இதற்கும் சம்பந்தம் கிடையாது.

புது ரோடு, பழைய மேப்

புள்ளி சரி, ஆனால் கார் வயலுக்குள் போவதுபோல காட்டுகிறதா? சேத்தியாத்தோப்பு-சோழபுரம் இடையே சுமார் 50 கிலோமீட்டர் 4 வழிச்சாலையை பிரதமர் மோடி 2025 ஜூலை 26-ந்தேதி தூத்துக்குடி விழாவில் நாட்டுக்கு அர்ப்பணித்தார். இதில் கொள்ளிடத்தின் குறுக்கே சுமார் 1 கிலோமீட்டர் நீள பாலமும் அடக்கம். அதற்கு முன் போனில் இறக்கி வைத்த மேப்புக்கு இது எப்படி தெரியும்? 1836-ல் கட்டப்பட்ட அணைக்கட்டின் மேலே குறுகலாக போகும் அணைக்கரை வழியைத்தான் அது காட்டும். சென்னையில் இறங்கி காரில் வருபவர்கள், இறக்கி வைத்த மேப்பை கிளம்பும் முன்பே அப்டேட் செய்துவிடுவது நல்லது.

கடலுக்கோ மலைக்கோ கொண்டுபோகும் கையடக்க ஜி.பி.எஸ். கருவி வைத்திருப்பவர்களுக்கும் இதே வைத்தியம்தான்: திறந்த வெளி, 15 நிமிடம், அசையாமல் இருப்பது. சில கருவிகளில் 'புதிய இடம்' என்று தனி மெனுவே உண்டு. மிகப்பழைய கருவியில் தேதி 19 ஆண்டுக்கு மேல் பின்னால் காட்டினால் அதற்கும் காரணம் இருக்கிறது. ஜி.பி.எஸ். வாரக்கணக்கு 1,024 வாரத்துக்கு ஒருமுறை மறுபடி பூஜ்யத்துக்கு வரும். கடைசியாக 2019 ஏப்ரலில் வந்தது. அடுத்தது 2038 நவம்பர். கம்பெனி அப்டேட் கொடுத்திருந்தால் பிழைக்கும், இல்லாவிட்டால் தேதியை மறந்துவிட வேண்டியதுதான்.

ஆனால் சாட்டிலைட் போனை இதனுடன் குழப்பிக்கொள்ளக் கூடாது. அனுமதி இல்லாமல் அதை இந்தியாவுக்குள் கொண்டுவந்தால் விமான நிலையத்திலேயே கைதாக நேரிடும்.

அனுப்பும் முன் இதைப் பாருங்கள்

வாட்ஸ் அப்பில் லொகேஷன் அனுப்பும் பக்கத்திலேயே, 'இத்தனை மீட்டர் துல்லியம்' என்று சின்ன எழுத்தில் வரும். 10, 20 மீட்டர் என்றால் தாராளமாக அனுப்பலாம். நூற்றுக்கணக்கில் காட்டினால் வெளியே வந்து கொஞ்சம் பொறுக்க வேண்டும்.

ஊருக்கு வந்த முதல் ஒன்றிரண்டு நாளில் ராத்திரி யாருக்காவது நெஞ்சுவலி, பிரசவ வலி என்றால் இந்த புள்ளியை நம்பி மட்டும் இருக்க வேண்டாம். 108-க்கு பேசும்போது மாவட்டம், ஊர், தெரு, பக்கத்தில் உள்ள கோவில் அல்லது பள்ளிக்கூடம் பெயரை வாயால் சொல்லிவிட்டு, மெயின் ரோட்டில் டார்ச் லைட்டுடன் ஒரு ஆளையும் நிறுத்திவிடுங்கள்.

கடைசியாக, 'பேக்டரி ரீசெட்' போடச்சொல்லி யாராவது யோசனை சொன்னால் அவசரப்பட வேண்டாம். போட்டோ, வாட்ஸ் அப் எல்லாம் அழிந்துவிடும். ஐபோனில் லொகேஷன் அமைப்பை மட்டும் ரீசெட் செய்ய தனி வசதி இருக்கிறது. ஆண்ட்ராய்டில் சாட்டிலைட் விவரங்களை அழித்து புதிதாக இறக்க இலவச ஆப்கள் உள்ளன. இவை எல்லாம் செய்து, திறந்த வெளியில் 2 நாள் வைத்துப் பார்த்தும் ஒரு சாட்டிலைட்கூட சிக்கவில்லை என்றால்தான் ஆன்டெனா கோளாறாக இருக்கலாம். கடைக்கு போவது அதற்குப் பிறகு.