வீட்டிலேயே எலக்ட்ரிக் கிட்டார் செய்யலாமா? செம்மரம் பக்கம் போனால் சிக்கல்தான்!

திருத்தணியில் இருந்து நகரி, புத்தூர் வழியாகப் போனால் திருப்பதி. அங்கிருக்கும் சேஷாசலம் மலைதான் செம்மரத்துக்குப் பேர் போன இடம். ஜப்பானின் ஷாமிசென் என்ற தந்தி வாத்தியத்துக்குக் கழுத்துப் பகுதி செய்ய இந்த மரத்துக்குத் தனி மவுசு. அப்போ கிட்டாருக்கும் போடலாமே என்று தோணலாம். வேண்டவே வேண்டாம். உரிய ஆவணம் இல்லாத செம்மரக் கட்டையை வைத்திருந்தால் வழக்கு பாயும்.

சரி, வேற என்ன மரம்? எலக்ட்ரிக் கிட்டாரில் தந்தியின் அதிர்வைப் பிடிப்பது மரம் இல்லை, பிக்கப். காந்தத்தைச் சுற்றி ஆயிரக்கணக்கான சுற்று செம்புக் கம்பி, அவ்வளவுதான். அதனால் பாடிக்கு நன்றாகக் காய்ந்த தேக்கு, மகோகனி போதும். தஞ்சாவூர் வீணைக்குக் குடையும் பலாவும் ஓகே.

கணக்கில்தான் கவனம் தேவை. 12-வது ஃப்ரெட் தந்தி நீளத்தின் சரிபாதியில் வரணும். 25.5 இன்ச் என்றால் 12.75. அளவு பிசகினால் சுருதி போச்சு.

நிஜமான ஆபத்து பூச்சில் இருக்கு. என்.சி. லேக்கர் சட்டெனத் தீப்பிடிக்கும். அடுப்பு, சாமி விளக்கு எரியும் வீட்டுக்குள் ஸ்ப்ரே அடிக்கவே கூடாது. ரெண்டு டப்பா கலந்து அடிக்கும் பி.யு. பூச்சில் ஐசோசயனேட் உண்டு. மூச்சில் போனால் ஆஸ்துமா வரலாம், துணி மாஸ்க் தடுக்காது. ஆசாரிகள் துணியில் தொட்டுத் தேய்க்கும் அரக்கு பாலிஷ் வீட்டுக்கு எவ்வளவோ மேல். அதிலும் ஸ்பிரிட் இருக்கு, காயும் வரை நெருப்பு பக்கத்தில் வேண்டாம்.