ஸ்கான் பார்த்தாயிற்று, கண்ணைப் பார்த்தார்களா?

மூளை ஸ்கான் அறிக்கையில் ‘அரக்னாய்ட் நீர்க்கட்டி’ என்று ஒரு வரி இருந்தால் போதும், யாழ்ப்பாணத்து வீடொன்றில் அன்றைக்குச் சோறு இறங்காது. கொழும்புக்கா சென்னைக்கா என்று உறவெல்லாம் கூடி ஆராயத் தொடங்கிவிடும். இத்தனைக்கும் இந்தக் கட்டிகளில் பெரும்பாலானவை பிறவியிலேயே வந்தவை. வேறெதற்கோ எடுத்த ஸ்கானில் அகப்படும்வரை, இருப்பதே தெரியாமல் கிடந்தவை.

மண்டைக்குள் அழுத்தம் ஏறியிருக்கிறதா? அதுதான் கேள்வி. படுத்திருக்கும் பெரியவருக்கு அது 7 முதல் 15 மில்லிமீற்றர் பாதரசம். 20ஐத் தாண்டி நின்றால் வைத்தியர்கள் சும்மா விடமாட்டார்கள். கட்டியின் பருமனை வைத்து இதைச் சொல்ல முடியாது. மூன்றாம் மூளைக்குழியில் வரும் கொலோயிட் கட்டி, ஒன்றிரண்டு சென்ரிமீற்றரே இருந்தாலும், மூளைநீர் ஓடும் வழியை அடைத்துச் சில மணி நேரத்தில் உயிரைப் பறிக்கலாம். நெற்றிப்பொட்டுக்கு உள்ளே அதைவிடப் பெரிதாக ஒன்று ஆயுள் முழுக்கப் பேசாமல் கிடக்கும்.

விடியப்புறம் எழுப்பிவிடும் தலையிடி, குனிந்தால் இருமினால் கூடுகிறது. சத்தி. ஒன்று இரண்டாகத் தெரிகிறது. எழும்பி நிற்கையில் சில விநாடி பார்வை மங்குகிறது. பீனிசம் என்றும் கண்ணாடி மாற்றவேணும் என்றும் சொல்லி, பனடோலோடு மாதங்களை ஓட்டிவிடுகிறோம். பயம் இங்கேதான். பார்வை நரம்பைச் சுற்றியுள்ள உறை மூளையுறையின் தொடர்ச்சி. உள்ளே ஏறும் அழுத்தம் அதன் வழியே வந்து, விழியின் பின்சுவரில் நரம்பின் முனையை வீங்க வைக்கிறது. கவனியாமல் விட்டால் பார்வை போய்விடும், போனது திரும்பாது. அந்த வீக்கத்தைக் காட்டும் ஒப்தல்மோஸ்கோப் 1851 முதல் இருக்கிறது. ஒரு கைக்குள் அடங்கும். நெடுந்தீவில் ஒரு நோயாளியை இன்றைக்கே குறிகட்டுவானுக்குப் படகேற்றுவதா, நாளைவரை பொறுப்பதா என்று தீர்மானிப்பவருக்குப் பக்கத்தில் ஸ்கான் இயந்திரம் இருக்காது. அந்தக் கருவி இருக்கலாம். அதை எடுத்துப் பார்க்கும் பழக்கம் இருக்கிறதா?

வீக்கம் தெரிய நாட்கள் செல்லலாம், ஸ்கான்தான் பாதுகாப்பு என்போரும் உண்டு. உண்மைதான். ஆனால் அழுத்தம் ஏறியிருந்தும் ஸ்கான் வெறுமையாக வருவதும் உண்டே! இரத்த அழுத்தம் ஏறி, நாடி மந்தமாகி, மூச்சு ஒழுங்கு கெடும்வரை காத்திருந்தால் அது பிந்திய கட்டம்.

கைக்குழந்தைக்கு அழுத்தம் ஏறினால், மண்டையோட்டுப் பொருத்துகள் இளகுவதால் தலையே பெருக்கும். கிளினிக்கில் நாடா பிடித்து அளக்கும் தலைச்சுற்றளவு, மாதாமாதம் போன கோட்டை விட்டு மேலே ஏறுகிறதென்றால், தாய் பதிவுப் புத்தகத்தை மூடிவைக்காமல் அன்றைக்கே கேட்கவேணும்.