செய்தியோடை: அறியவேண்டிய ஒரு வசதி

நம் அங்கத்தினர் பலர் நூல் விலையையும் பருத்திச் சந்தை நிலவரத்தையும் இன்று கைபேசி வாயிலாகவே அறிகின்றனர். ஆனால் எச்செய்தி முன்னே வரும், எது மறையும் என்பதைத் தளத்தை நடத்தும் கம்பெனியே தீர்மானிக்கிறது. இதற்கு மாற்று உண்டு; அதை அறிந்தவர் சிலரே.

செய்தியோடை என்னும் முறை 1999இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் தோன்றியது. ஒரு தளத்தில் புதிதாக வெளியாகும் யாவும், நாம் வைத்துக்கொள்ளும் ஓடை வாசிப்பான் என்னும் செயலியில் தேதி வரிசைப்படி வந்து சேரும்.

2016இல் ஜெர்மனியில் தொடங்கிய மாஸ்டடான் என்னும் சமூக வலை ஒரே முதலாளியின் உடைமையன்று. தனித்தனி நிர்வாகமுள்ள பல சர்வர்கள் பொது விதியொன்றால் இணைந்துள்ளன. அவற்றுள் சோஷியல்.கூப் என்பதை அதன் அங்கத்தினரே சந்தா செலுத்திக் கூட்டுறவு முறையில் நடத்துகின்றனர். மாஸ்டடானில் ஒருவருடைய பக்க முகவரியின் இறுதியில் ஒரு புள்ளியும், ஆர், எஸ், எஸ் என்னும் ஆங்கில எழுத்துகளும் சேர்த்தால், அவருடைய பொதுப் பதிவுகள் ஓடையாகக் கிடைக்கும். படிப்பவர் கணக்குத் தொடங்கவேண்டியதில்லை. மறுமொழி எழுதுவதற்கே கணக்கு வேண்டும்.

இவ்வசதி பரவாமைக்குக் காரணம், இதை விளம்பரப்படுத்தி லாபம் காண்பவர் அரிதாயிருப்பதே. கூகிள் தன் ரீடரை 2013இல் மூடியது; ஃபயர்பாக்ஸ் ஓடை வசதியை 2018இல் நீக்கியது. ஆயினும் விதி பொதுவானதாகையால் வேறு வாசிப்பான்கள் இன்றும் இயங்குகின்றன.

ஓடையை அளிப்பவர் இருந்தால்தான் பெறுபவருக்குப் பயன். ஆகவே சங்கக் காரியதரிசிகள் கொள்முதல், கூலி, கூட்டம் பற்றிய அறிவிப்புகளை ஓடை தரும் இடத்திலும் வெளியிட்டு, அடுத்த மகாசபைக் கூட்டத்தில் அதன் உபயோகத்தை அங்கத்தினருக்குச் செய்து காட்டுவார்களாக.